அழுக்கு எது? அடையாளம் எது?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்ற அறிவிப்பைப் பலகையில் கண்டபோது, விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் ஓராண்டாக என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது விண்வெளியும் அன்று, அணுவும் அன்று. ஒரு மூக்குத்தி. கடுகினும் சற்றே பெரிய ஒரு மூக்குத்தி. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அஃது ஒப்புக்கு எழுதியதாகவே முடியும். எனவே பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். படித்து முடித்த பிறகு, உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஒரே ஒரு படத்தையாவது நீங்கள் அழிக்காமல் விட்டுவைத்தால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் அடைந்தவன் ஆவேன்.

மாலை நேரத் தொழில்

என் ஊர் தா.பழூர்ப் பக்கம். கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம் சாலை. இந்தப் பக்கம் ஜெயங்கொண்டம் சாலை. அப்பா கூலி விவசாயி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். பேருந்துச் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அப்பாவின் கையை எதிர்பார்க்க மனம் வராமல், முதலாம் ஆண்டிலேயே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தேன். மாலையில் டச்சிங் வேலை. முகூர்த்த நாட்களில் அண்ணனோடு மண்டபத்துக்குப் போய்ப் படம் எடுக்கும் வேலை. அண்ணன் என்று நான் சொல்வது ஸ்டூடியோ உரிமையாளரை. பிலிம் காலத்தில் நெகடிவின்மேல் பென்சிலால் டச்சிங் செய்து பழகிய கை அவருடையது.

ஸ்டூடியோக் காமிராவில் ஒரு சிறு குறை இருந்தது. எந்தப் படம் எடுத்தாலும் இடப்பக்க மேல்மூலையில் ஒரே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மாப்பிள்ளையின் பின்னால் இருக்கும் கருந்திரையில் அது விழுந்தால் பளிச்சென்று தெரியும். கணினியில் இருந்த பழைய மென்பொருளில் ஒரு வழி உண்டு. புள்ளிகளை நீக்கும் கட்டளையை எல்லாப் படங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டால் போதும். நானூறு படங்களானாலும் நாம் தேநீர் குடித்து வருவதற்குள் சிவப்புப் புள்ளி போய்விடும். அதோடு 'நாய்ஸ்' குறைக்கவும், பிறகு 'ஷார்ப்' ஏற்றவும் அதே தொடரில் கட்டளை சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் முடிந்ததும் அதே பெயரில், அதே இடத்தில், பழைய படத்தின் மேலேயே புதிய படம் பதிவாகிவிடும். இத்தனை விரைவாக வேலை செய்கிறோமே என்று எனக்குப் பெருமை வேறு!

மூக்குத்தி போன கதை

ஆவணி மாதம் சொந்தத்தில் ஒரு காதணி விழா. நான்தான் படம் எடுத்தேன். மாலை நேரம்; மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. ஐ.எஸ்.ஓ. எண்ணை 6400 வரை ஏற்றி, உறவினர் முப்பது பேரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். முன்வரிசையில் என் அப்பாயி உட்கார்ந்திருந்தார். படம் எடுக்கும்போது எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பாயி, அன்று பேரன் எடுக்கிறான் என்பதற்காக நேராகப் பார்த்துச் சிரித்தார். வழக்கம்போல எல்லாப் படங்களையும் அந்தக் கட்டளைத் தொடரில் விட்டேன். மறுநாள் முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று காமிரா அட்டையையும் அழித்துவிட்டேன்.

மாசியில் அப்பாயி இறந்துபோனார். சுவரில் மாட்டப் படம் வேண்டும். அப்பாயி நேராகப் பார்க்கும் படம் அது ஒன்றுதான். முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, பிரேம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அம்மா மூக்குத்தி எங்கடா போச்சு?" என்றார். சற்று நேரம் கழித்து, "மொகமும் என்னமோ யாரோ மாரி இருக்கு" என்றார்.

நண்பர்களே, அந்த மூக்குத்தி நடவுக் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அப்பாயி தாமே வாங்கியது. அதேபோல் அவர் கன்னங்களில் அம்மைத் தழும்புகள் இருந்தன. இந்தியாவில் 1975 ஆம் ஆண்டோடு ஒழிந்துபோன பெரியம்மை, சிறுமியாய் இருந்தபோது அவர் முகத்தில் விட்டுச்சென்ற குழிகள். படத்தில் இரண்டும் இல்லை. கன்னம் மெழுகு பூசினாற்போல வழவழவென்று இருந்தது. கண் இமையைச் சுற்றி மட்டும் கத்தியால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. வேறு யாரும் செய்யவில்லை. என் கையால் நானே செய்தது.

விவரம் அறிந்த அண்ணன், "தம்பி, மூக்குல ஒரு வெள்ளப் புள்ளி வச்சு வுட்டா போச்சு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இருந்ததை அழித்தது ஒரு தவறு. இல்லாததை வரைவது இன்னொரு தவறு அல்லவா?

ஏன் போயிற்று?

அதன்பிறகுதான், இயற்பியல் மாணவன் என்று பெயர் வைத்துக்கொண்டு, நான் அமுக்கிய பொத்தான் உள்ளே என்ன செய்கிறது என்பதையே அறியாமல் இருந்திருக்கிறோமே என்ற வெட்கம் எனக்கு உண்டாயிற்று. தேடிப் படித்தேன். புரிந்ததை இங்கே எளிமையாகச் சொல்கிறேன்.

புள்ளிகளை நீக்கும் கட்டளை பெரும்பாலும் 'இடைநிலை' காணும் கணக்குதான். பள்ளியில் புள்ளியியல் பாடத்தில் நாம் போட்ட அதே கணக்கு! ஒரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ள எட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் ஒளி அளவுகள் 52, 55, 50, 53, 240, 54, 51, 56, 52 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் 240 தான் பளிச்சென்ற புள்ளி. ஏறுவரிசையில் அடுக்கினால் 50, 51, 52, 52, 53, 54, 55, 56, 240. ஐந்தாவதாக நிற்பது 53. ஆகவே 240 இருந்த இடத்தில் 53 உட்கார்ந்துவிடும். புள்ளி போயிற்று!

இப்போது சுற்றளவைப் பெரிதாக்கி 7க்கு 7 என்று வைத்தால் 49 பிக்சல்கள். அடுக்கினால் 25 ஆவதாக நிற்பதுதான் வெல்லும். அப்படியென்றால், 25 பிக்சலுக்குக் குறைவான எந்தப் பளிச்சென்ற பொருளும் அந்தச் சதுரத்துக்குள் வாக்கெடுப்பில் தோற்றுப்போகும். முப்பது பேர் நிற்கும் படத்தில் அப்பாயியின் மூக்குத்தி நான்கைந்து பிக்சல் அகலம்தான் இருந்திருக்கும். அந்தக் கணக்குக்கு மூக்குத்தி என்றால் என்னவென்று தெரியாது. சிவப்புப் புள்ளி என்றால் என்னவென்றும் தெரியாது. சிறியதாகவும் தனியாகவும் இருப்பது எல்லாம் அதற்கு அழுக்கு. அவ்வளவுதான்.

எங்கள் காமிராவில் 2 கோடியே 40 இலட்சம் பிக்சல்கள். அதில் ஒன்று கெட்டுப்போனதற்காக மீதி அத்தனையையும் நான் தண்டித்திருக்கிறேன்!

இரைச்சல் என்பது என்ன?

படத்தில் மணல் தூவியதுபோல் தெரிவதைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் 'நாய்ஸ்' அல்லது 'கிரெய்ன்ஸ்' என்கிறார்கள். இரைச்சல் என்று தமிழில் சொல்லலாம். இது காமிராவின் குற்றம் மட்டும் அன்று. ஒளியின் இயல்பே அது.

மழை தொடங்கும்போது முற்றத்தில் ஒரே அளவுள்ள நூறு கிண்ணங்களை வரிசையாக வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தூறலில் சில நொடிகள் வைத்து எடுத்தால் ஒரு கிண்ணத்தில் எட்டுத் துளி, அடுத்ததில் பதின்மூன்று, அதற்கடுத்ததில் ஒன்பது என்று ஏறுமாறாக இருக்கும். அடைமழையில் நெடுநேரம் வைத்தால் எல்லாக் கிண்ணங்களும் ஏறத்தாழ ஒன்றுபோல நிறையும். ஒளியும் துளித் துளியாகத்தான் வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால், அதன் வர்க்கமூலமாகிய 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். அதாவது பத்து விழுக்காடு. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 தான், ஒரே விழுக்காடு. இதனால்தான் இருட்டில் எடுத்த படம் மணல்மணலாகவும், வெயிலில் எடுத்த படம் தெளிவாகவும் இருக்கின்றன. ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றுவது மழையைக் கூட்டுவது ஆகாது; கிண்ணத்தில் இருப்பதைப் பெருக்கிக் காட்டுவதுதான். ஏறுமாறும் சேர்ந்தே பெருகும்.

இந்த இரைச்சலில் இரு வகை உண்டு. ஒன்று, நிறம் தாறுமாறாகத் தெரிவது. கறுப்புக் கோட்டில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள் தெரிவது இந்த வகை. இதைத் தாராளமாக நீக்கலாம். முகத்தின் வடிவத்துக்குக் கேடு குறைவு. மற்றொன்று, வெளிச்சம் கூடிக் குறைந்து தெரிவது. இதை நீக்கும்போது கை நடுங்க வேண்டும். ஏனெனில் தோலின் மயிர்க்கால், கருங்கல்லின் பொரி, சேலையின் இழை, அம்மைத் தழும்பு எல்லாமே வெளிச்சம் கூடிக் குறைவதால்தான் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் துறையினரோடு சென்றபோது நான் எடுத்த படம் ஒன்றில் சண்டேசுவரருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தைச் சோதனையாக முழு அளவில் இரைச்சல் நீக்கிப் பார்த்தேன். கருங்கல் சிற்பம் சோப்புக் கட்டியில் செய்ததுபோல் ஆகிவிட்டது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து நாம் அஞ்சும் இரைச்சலில் பெரும்பகுதி அச்சில் தெரிவதே இல்லை. 6000 பிக்சல் அகலப் படத்தை 6 அங்குல அகலத்தில் அச்சிடும்போது 1800 பிக்சல்தான் வேண்டியிருக்கிறது. பழைய பிக்சல்கள் பதினொன்று சேர்ந்து புதியது ஒன்று ஆகின்றது. சேரும்போதே ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். எதற்குப் போய்த் தேய்க்க வேண்டும்?

கூர்மை என்னும் மாயை

அடுத்தது 'ஷார்ப்'. மங்கிய படத்தைத் தெளிவாக்கும் மருந்து என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது விளிம்புகளின் வேறுபாட்டை மிகைப்படுத்தும் வேலைதான். படத்தின் மங்கலான நகல் ஒன்றை உண்டாக்கி, மூலத்திலிருந்து அதைக் கழித்து, மீதியை மூலத்தோடு கூட்டுகிறார்கள். பிலிம் காலத்து இருட்டறையில் மங்கலான நெகடிவ் ஒன்றை மூலத்தோடு ஒட்டி வைத்துச் செய்த வித்தைதான் இது. விளிம்பின் ஒருபுறம் இன்னும் வெளுக்கும். மறுபுறம் இன்னும் கறுக்கும். கண் ஏமாந்து 'தெளிவு' என்று சொல்லிவிடும். அளவு மீறினால் வெள்ளைக் கோடு எழும்பும். அப்பாயியின் இமையோரம் எழுந்த கோடு அதுதான்.

காமிரா பதிவுசெய்யாத ஒரு மயிரிழையைக்கூட இந்தக் கட்டளையால் கொண்டுவர முடியாது. மாறாக இரைச்சலையும் விளிம்பு என்று எண்ணி அதையும் கூர்மையாக்கிவிடும். கல்வெட்டுப் படங்களில் இது இன்னும் பொல்லாதது. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். கல்லில் இயல்பாக விழுந்த ஒரு பொரிவைக் கூர்மையாக்கினால் அது புள்ளிபோலவே நிற்கும். விரிசல் ஒரு கோடுபோல நிற்கும். படிப்பவன் ஏமாறுவான்.

ஆகவே நான் இப்போது கடைப்பிடிக்கும் வரிசை இது: முதலில் இரைச்சலைச் சிறிதளவு குறைப்பது, பிறகு அச்சிடும் அளவுக்குப் படத்தைக் கொண்டுவருவது, கடைசியாகத்தான் கூர்மை, அதுவும் உப்புப் போடுவதுபோல.

சிக்கிய பிக்சலும் மூடிய வில்லையும்

இனி அந்தச் சிவப்புப் புள்ளிக்கு வருவோம். உணரியில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி உண்டு. நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சிவப்புக் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிக்சல் எப்போதும் 'நிறைந்துவிட்டேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், படத்தில் அழியாத சிவப்புப் புள்ளி தோன்றும். இது சிக்கிய பிக்சல். ஒளியே காட்டாமல் கறுப்பாகக் கிடந்தால் செத்த பிக்சல். நெடுநேரம் திறந்து எடுக்கும்போதும் சூட்டிலும் மட்டும் தலைகாட்டினால் சூட்டுப் பிக்சல். வெப்பம் 6 முதல் 8 டிகிரி செல்சியசு ஏறினால் உணரியின் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால், சித்திரை வெயிலில் இவை பெருகுகின்றன.

புள்ளி காமிராவினுடையதா, எதிரில் உள்ள பொருளினுடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. வில்லையின் மூடியைப் போட்டுவிட்டு ஒரு படம் எடுங்கள். முழு இருட்டிலும் எது தெரிகிறதோ அது காமிராவின் குற்றம். காவலூர் வானாய்வகத்தில், 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் போன்ற பெருங்கருவிகளைக் கையாளும் வானியலாரும் இதே நெறியைத்தான் பின்பற்றுகிறார்கள். இருட்டுப் படம் ஒன்றை எடுத்து, விண்மீன் படத்திலிருந்து கழித்துவிடுவார்கள். இல்லையென்றால் கெட்ட பிக்சலுக்கும் மங்கிய விண்மீனுக்கும் வேறுபாடு தெரியாதே!

காமிராவின் குற்றம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். மூக்குத்தியோ அப்பாயி தலையசைத்தால் தானும் அசையும். இந்தச் சின்ன வேறுபாட்டை நான் முன்பே அறிந்திருந்தால், அந்த ஒரு பிக்சலை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட்டிருப்பேன்.

மென்பொருளை மாற்றினேன்

இதற்குப் பிறகுதான் மென்பொருளை மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஸ்டூடியோவில் இருந்தது உரிமம் இல்லாத படி. முறைப்படி வாங்குவதென்றால் மாதச் சந்தா. என்னைப் போன்றவனுக்கு எட்டாது. என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு மணம் முடித்துப் போனாள். அவள் பள்ளியில் பெற்ற விலையில்லா மடிக்கணினி வீட்டில் பரண்மேல் கிடந்தது. 2011 இல் தொடங்கிய திட்டத்தில் வந்த அந்தக் கணினிகளில் விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தது. கட்டற்ற மென்பொருள் என்ற ஒன்று உண்டென்பதை நான் அறிந்தது அதைத் திறந்து பார்த்துத்தான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995 இல் தொடங்கிய 'கிம்ப்', பிறகு 'டார்க்டேபிள்', 'ராதெரபி' ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகக் கற்றேன். மாணவர்கள் தொடங்கியது என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஊக்கத்தைச் சொல்லி முடியாது.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொன்னால் அது பொய். கணினி பழையது; ஒரு படத்துக்கு ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கும். பட்டியல் பட்டியலாகக் கட்டளைகள். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. பழைய மென்பொருளில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலைக்கு இங்கே மூன்று வாரம் திண்டாடினேன். 'இவன் வேலையைக் கெடுத்துக்கொள்கிறான்' என்று அண்ணன் முணுமுணுத்தார்.

ஆயினும் இரண்டு நன்மைகள் என்னைக் கட்டிப்போட்டன. முதலாவது, ராதெரபியில் காமிராவின் கெட்ட பிக்சல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடலாம். அவற்றை மட்டும் பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு நிரப்பும், மற்றதைத் தொடாது. அதேபோல டார்க்டேபிளில், இன்ன காமிரா இன்ன ஐ.எஸ்.ஓ. எண்ணில் எவ்வளவு இரைச்சல் தரும் என்று முன்கூட்டியே அளந்து வைத்த கணக்கைக் கொண்டு இரைச்சலைக் குறைக்க முடிகிறது.

இரண்டாவது நன்மைதான் பெரியது. இவ்விரண்டு மென்பொருள்களும் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. காமிரா தரும் 'ரா' கோப்பு அப்படியே இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் 'இவ்வளவு இரைச்சல் குறை, இவ்வளவு கூர்மை ஏற்று' என்ற குறிப்புகளாகப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பில் எழுதப்படும். பத்தாண்டு கழித்து மனம் மாறினால் குறிப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். இந்த ஒரு பழக்கம் ஆவணி மாதத்தில் எனக்கு இருந்திருந்தால், அப்பாவின் கேள்விக்கு என்னிடம் விடை இருந்திருக்கும்.

ஸ்ரீபுரந்தான் சொல்லும் பாடம்

'ஒரு கிழவியின் மூக்குத்திக்கு இத்தனை பேச்சா?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு எங்கள் பக்கத்து ஊராகிய ஸ்ரீபுரந்தானைக் காட்டுகிறேன்.

ஸ்ரீபுரந்தானில் சோழர் காலத்துப் பிரகதீசுவரர் கோயில் உண்டு. அங்கிருந்த செப்புத் திருமேனிகள் களவுபோயின. அவற்றுள் ஒன்றாகிய நடராசர் கடல் கடந்து, 2008 இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் போய் 'இது எங்கள் சாமி' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்ப வைத்தது ஒரு புகைப்படம். 1955 இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களையும் திருமேனிகளையும் படம் எடுத்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. அவற்றுள் 1994 இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த நடராசர் படமும் இருந்தது. அதையும் கலைக்கூடத்துப் படத்தையும் ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புதுதில்லிக்கு வந்து திருமேனியைத் திருப்பி ஒப்படைத்தார்.

நடராசர் வடிவம் எத்தனையோ கோயில்களில் உண்டு. இவர் அவர்தான் என்று எதைக் கொண்டு சொல்வது? சோழர் காலத் திருமேனிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி வார்த்தவை. கடைசியில் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். ஆகவே ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வார்ப்பில் நேர்ந்த சிறு குறை, நுனி மழுங்கிய ஒரு சுடர், பீடத்தின் ஒரு வடு ஆகியவைதான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். அழகு எல்லா நடராசருக்கும் பொது. குறைதான் அவரவர்க்கு உரியது!

அந்த 1994 ஆம் ஆண்டுப் படத்தை யாரேனும் என்னைப்போல் 'சுத்தம்' செய்து, வடுக்களைத் தேய்த்து, பளபளப்பாக்கி, மூலத்தின் மேலேயே பதிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழகான படம் ஒன்று மிஞ்சியிருக்கும், சான்று போயிருக்கும். பிலிமின் மணலோடும் மங்கலோடும் அதை அப்படியே விட்டுவைத்தவர்களுக்கு எங்கள் வட்டாரம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

வாடிக்கையாளர் கேட்கிறாரே!

அண்ணனின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "தம்பி, சனங்க பளபளன்னுதான் கேக்குறாங்க. முகப்பருவோட ஆல்பம் குடுத்தா அடுத்த கல்யாணத்துக்கு நம்மளக் கூப்பிடுவானா?" என்பார். இதில் உண்மை இருக்கிறது. திருமண நாளன்று வந்த பரு அந்தப் பெண்ணின் அடையாளம் ஆகாது. ஒரு வாரத்தில் போய்விடும். அதை நீக்குவதில் நானும் தவறு காணவில்லை. இருட்டு மண்டபத்து நிறத் திட்டுகளை நீக்குவதும் தேவையே. டச்சிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் பருவோடு நிற்கிறோமா? மச்சம் போகிறது, தழும்பு போகிறது, வெயிலில் உழைத்துக் கறுத்த முகம் வெளுத்துப்போகிறது. நம் ஊர் மணமக்கள் ஆல்பத்தில் மட்டும் ஏன் வேறு ஊர்க்காரர்களாக மாறிவிடுகிறார்கள்? கறுப்பை ஒரு குறை என்று யார் முடிவு செய்தது? இப்போது கைப்பேசிகள் நம்மைக் கேட்காமலேயே இந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பொத்தானை அமுக்கும் முன்னரே முகம் வழவழப்பாகிவிடுகிறது. எது இரைச்சல், எது நாம் என்று முடிவு செய்யும் உரிமையை ஒரு கணக்கிடம் கொடுத்துவிட்டு நாம் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

என் கருத்து இதுதான்: கருவி சேர்த்ததை நீக்கலாம், வாழ்க்கை சேர்த்ததை நீக்கக்கூடாது. சிக்கிய பிக்சல் கருவி சேர்த்தது. நிறத் திட்டும் கருவி சேர்த்தது. மூக்குத்தியும் தழும்பும் சுருக்கமும் வாழ்க்கை சேர்த்தவை. ஐயம் வந்தால் தொடாமல் விடுவதே நல்லது.

என் வேண்டுகோள்

நம் கல்லூரியில் என்னைப்போலக் குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள் பலர். நம் பாட்டன் பாட்டியருக்கு எழுதிவைத்த வரலாறு கிடையாது; சில வீடுகளில் ஒரு படம்கூடக் கிடையாது. இருக்கும் ஒன்றிரண்டு படங்களே அவர்களின் வரலாறு. எனவே மூன்று சிறு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: வீட்டில் பழைய படங்கள் இருந்தால், கறையோடும் கீறலோடும் அப்படியே ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் வையுங்கள். திருத்தம் செய்வதென்றால் நகலில் செய்யுங்கள். மூலத்தின்மேல் ஒருபோதும் பதிவு செய்யாதீர்கள்.

இரண்டு: நம் கணினி ஆய்வகத்தில் கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி ஆகியவற்றை நிறுவ ஆவன செய்யுமாறு துறைத் தலைவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஏதுமில்லை. இடைநிலை, வர்க்கமூலம், வெப்பத்தால் எழும் மின்னோட்டம் என்று நாம் தேர்வுக்காகப் படிப்பவை யாவும் ஒரு படத்துக்குள் உயிரோடு இருப்பதை மாணவர்கள் கண்ணாலேயே காண்பார்கள்.

மூன்று: நாட்டு நலப்பணித் திட்ட முகாம், கல்விச் சுற்றுலா, விளையாட்டு விழா ஆகியவற்றில் எடுக்கும் படங்களின் மூலங்களை நூலகத்தில் ஆண்டுவாரியாகச் சேமிக்க வேண்டும். இன்று நமக்கு அழுக்காகத் தெரிவது நாளை ஒருவருக்குச் சான்றாகலாம்.

அப்பாயியின் மூக்குத்தியை இப்போது அக்கா அணிந்திருக்கிறாள். பொங்கலுக்கு அவள் வந்தபோது, காமிராவை 'ரா'வில் வைத்து, வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். புள்ளிகள் எதையும் நீக்கவில்லை. சுவரில் இருக்கும் அப்பாயியின் படத்தை மாற்றவும் இல்லை. அப்பா தினமும் அதற்குத்தான் விளக்கு வைக்கிறார். மூக்குத்தியைப் பற்றி அதன்பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.